ஒண்ணு, மூணு, ஏழு, ரெண்டு: டெட்ராய்ட் தமிழ்ப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

டியர்பார்னிலும் வாரனிலும் ஆபர்ன் ஹில்ஸிலும் கார் வடிவமைக்கிற, விலை போடுகிற, உதிரிபாகம் தேர்ந்தெடுக்கிற தமிழர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலரை எனக்கு முகப்பழக்கம் உண்டு. பொங்கல் விழாப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்போம். உங்கள் பிள்ளைகளில் சிலர் என்னிடம் கணக்குப் படித்திருப்பார்கள். நான் டெட்ராய்ட் புறநகரில் ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியன், கார் கம்பெனியில் ஒரு நாள்கூட வேலை பார்த்தவன் இல்லை. "எழுதறதுன்னா பெரிய அதிகாரிகளுக்கு எழுதலாமே" என்றாள் மனைவி. அவர்களுக்கு எழுத ஆள் நிறைய இருக்கிறது. "இந்தக் கைப்பிடிக்கு குரோம் வேண்டாம், எட்டு டாலர் மிச்சம்" என்று கூட்டத்தில் சொல்கிறவர்கள் நீங்கள்தான். எனக்கு வேண்டியது அந்த எட்டு டாலர்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று, இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, தன் கைக்காசைப் போட்டுப் பழசாக வாங்கி, தன் கையாலேயே பழுது பார்க்கக்கூடிய ஒரு வேகமான காரை இன்றைக்குப் புதுசாக, மலிவாகச் செய்யுங்கள். அவ்வளவுதான் கோரிக்கை. மீதியெல்லாம் அதற்கான கதை.

1994 கோடையில் எனக்குப் பதினாறு வயது. ஓர் உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவினேன், மணிக்கு 4 டாலர் 25 சென்ட். நான் வாங்கியது 1985 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. ஒன்பது வருடப் பழசு, விலை 1,800 டாலர். வகுத்துப் பாருங்கள், 424 மணி நேரம். இரண்டு கோடையும் இடையில் வந்த சனி ஞாயிறுகளும் அதில் போயின. ஆனால் முடிந்தது. கையில் சோப்புத் தண்ணீர்ப் புண்ணோடு ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் முன்னால் நின்று வாழ்க்கையை ஆரம்பித்தவர். 1984-ல் மிச்சிகன் வந்து, உங்கள் கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் ஒரு சின்ன ஆலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டவர். காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "எட்டு சிலிண்டர் எதுக்குடா? லாரியா ஓட்டப்போற?" என்றார். பிறகு குனிந்து அடியில் பார்த்தார். டிரைவர் சீட்டுக்குக் கீழே தரையை உப்பு தின்றிருந்தது. மிச்சிகன் குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பு எந்தக் காரையும் விட்டுவைக்காது. ஓட்டை வழியே தார் தெரிந்தது. அம்மா பிஸ்கட் சுடும் பழைய தகரத் தட்டை எடுத்து வந்து, வெட்டி, ரிவிட் அடித்து அந்த ஓட்டையை மூடினார் அப்பா. வேண்டாம் என்று சொன்ன மனுஷன்தான் அன்றிரவு பத்து மணி வரை காருக்கு அடியில் படுத்திருந்தார்.

இன்ஜின் 302 கன அங்குலம். ஐந்து லிட்டர் என்று பெயர், கணக்குப் போட்டால் 4.9தான் வரும். 210 குதிரைத்திறன், ஐந்து கியர், தலையில் நாலு பேரல் ஹோலி கார்புரேட்டர். அடுத்த வருட மாடலிலேயே கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. ஆக, பள்ளிக்கூடப் பையன் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு ஏதாவது செய்துவிடலாம் என்ற தைரியத்தைக் கொடுத்த கடைசி மஸ்டாங்குகளில் ஒன்று அது.

அந்தத் தைரியத்தில்தான் வினை வந்தது. பிளக் வயர் பழசாகிவிட்டது என்று எட்டையும் ஒரே சமயத்தில் பிடுங்கிப் போட்டேன். ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும் என்பது எந்தப் பட்டறைப் பையனுக்கும் முதல் நாளே தெரியும். எனக்குத் தெரியாது. நூலகத்திலிருந்து 302 இன்ஜினுக்கு ஒரு பழைய பழுதுபார்ப்புப் புத்தகம் எடுத்து வந்தோம். எட்டு சிலிண்டருக்கும் எந்த வரிசையில் தீப்பொறி போக வேண்டும் என்பதை அப்பா டார்ச் பிடித்துக்கொண்டு படிக்கிறார்: "ஒண்ணு, அஞ்சு, நாலு, ரெண்டு, ஆறு, மூணு, ஏழு, எட்டு." பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் நான் அந்த வரிசையில் வயரைச் செருகுகிறேன். சாவியைத் திருப்பினால் கார்புரேட்டர் வழியாகத் தீபாவளி. பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்ததாக மறுநாள் சொன்னார்கள்.

இரண்டு சாயங்காலம் போராடினோம். டைமிங்கைத் திருகிப் பார்த்தார் அப்பா. மூடியில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தார். மூன்றாம் நாள் உதிரிபாகக் கடைக்குப் போனோம். கவுன்டரில் இருந்த பெரியவர் எந்தப் புத்தகத்தையும் திறக்கவில்லை. "ஹெச்.ஓ. இன்ஜினா?" என்று மட்டும் கேட்டார். ஹெச்.ஓ. என்றால் ஹை அவுட்புட், திறன் கூட்டிய வகை. ஆமாம் என்றதும் ரசீதின் பின்பக்கத்தில் எட்டு எண்களை எழுதி நீட்டினார். அந்த இன்ஜினுக்கு மட்டும் 1982 முதலே 351 இன்ஜினின் வரிசையைக் கொடுத்துவிட்டார்களாம். ஒண்ணு, மூணு, ஏழு, ரெண்டு, ஆறு, அஞ்சு, நாலு, எட்டு. அப்பா காரில் உட்கார்ந்து இரண்டு வரிசையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தார். "எட்டுல நாலு சரி, நாலு தப்பு. அதான் பாதி உயிரோட கத்தியிருக்கு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அமெரிக்காவில் அதற்கு முன் பார்த்ததில்லை.

வயரை மாற்றிப் போட்டதும் ஒரே திருகலில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும்.

குளிர்காலம் வந்தது. பின்சக்கரத்தில் இழுக்கிற கார், பின்பக்கம் கனமில்லை, பனியில் வாலை ஆட்டும். முதல் பனியிலேயே ஒருவர் வீட்டுத் தபால் பெட்டியைச் சாய்த்தேன். ஊர்க்காரர்கள் டிக்கியில் மணல் மூட்டை போடுவார்கள். எங்கள் வீட்டில் இந்தியக் கடையில் வாங்கிய 20 பவுண்டு அரிசி மூட்டை நாலு இருந்தது. மார்ச் மாதம் வரை அந்த அரிசி பின்சக்கரத்துக்கு மேலேயே சவாரி செய்தது. சோற்றில் பெட்ரோல் வாடை என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

இதெல்லாம் ஏக்கம், வயசாகிவிட்டது என்று நீங்கள் நினைக்கலாம். வயசாகிவிட்டது, சரி. ஆனால் 1,800 டாலர் ஏதோ அதிர்ஷ்டத்தில் அமைந்த விலை இல்லை. மசில் கார், அதாவது சாதாரணக் காரில் பெரிய இன்ஜின் வைத்த வேகக் கார், என்ற சாதியே மலிவுக்காகப் பிறந்தது. அதைப் பெற்றெடுத்தவர்கள் உங்களைப் போன்ற பொறியாளர்கள்.

1963-ல் ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது: நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது. பான்டியாக் பிரிவில் ஜான் டிலோரியன், பில் காலின்ஸ், ரஸ் ஜீ என்று மூன்று பேர். அவர்களுடைய 326 இன்ஜினும் பெரிய காரில் போடும் 389 இன்ஜினும் வெளி அளவில் ஒன்றேதான், அதே தாங்கியில் அப்படியே உட்காரும். புது மாடல் என்றால் தலைமையகத்தில் அனுமதி கேட்க வேண்டும். லெமான்ஸ் காருக்கு ஒரு கூடுதல் 'ஆப்ஷன்' என்றால் கேட்க வேண்டாம். அந்தச் சந்தில் நுழைந்ததுதான் 1964 ஜிடிஓ. ஆப்ஷனின் விலை 300 டாலருக்கும் கொஞ்சம் குறைவு. 5,000 விற்றால் போதும் என்றிருந்தார்கள், முதல் வருடம் 32 ஆயிரத்துக்கு மேல் போனது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கிடங்கில் இருந்த பெரிய இன்ஜினைச் சின்ன காரில் வைத்தார்கள், அவ்வளவுதான்.

எனக்கு ஜிடிஓ-வைவிடப் பிடித்தது 1968 பிளிமத் ரோட் ரன்னர். அதற்குள் ஜிடிஓ-வே கொஞ்சம் மைனராகி, விலையும் ஏறிவிட்டது. பிளிமத் ஆட்கள் எதிர்த்திசையில் யோசித்தார்கள். முன்னால் ஒரே நீளப் பெஞ்சு சீட்டு. தரையில் கார்ப்பெட் கிடையாது, ரப்பர் விரிப்பு. உள்ளே டாக்சி மாதிரி இருக்கும். பணத்தையெல்லாம் இன்ஜினில் போட்டார்கள்: 383 கன அங்குலம், 335 குதிரைத்திறன். விலை 2,896 டாலர். ஆடம்பரம் என்று ஒன்றே ஒன்றுதான். கார்ட்டூன் பறவையின் பெயருக்காக வார்னர் பிரதர்ஸுக்கு 50 ஆயிரம் டாலர் கொடுத்து, ஹாரனை அந்தப் பறவை மாதிரியே 'பீப் பீப்' என்று கத்த வைத்தார்கள். எங்கே மிச்சம் பிடிப்பது, எங்கே செலவழிப்பது என்று தெரிந்தவர்கள் செய்த கார். அப்போது மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டாலர் 60 சென்ட். புத்தம் புது ரோட் ரன்னர் 1,810 மணி நேர உழைப்பு.

பதினாறு வயதுப் பையன் அதையும் புதிதாக வாங்கவில்லைதான். வாங்கியது ஆலைக்கு வேலைக்குப் போன அவனுடைய அண்ணன். 1970-ல் காற்று மாசுச் சட்டம் வந்தது, காப்பீட்டுக்காரர்கள் பெரிய இன்ஜினுக்குத் தனிக் கட்டணம் போட்டார்கள், 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் குடிக்கிற காரை அண்ணன் வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். தம்பி வாங்கினான். அமெரிக்கப் பள்ளிக்கூட வாசல்களில் எழுபதுகளில் நின்ற ரோட் ரன்னர்களும் ஷெவர்லே செவெல்களும் இப்படி இறங்கி வந்தவைதான். என் மஸ்டாங்கும் அப்படியே. யாரோ ஒரு அண்ணன் 1985-ல் புதுசாக வாங்கினான், ஒன்பது வருடம் கழித்து எனக்கு வந்தது.

இதில் ஒளிந்திருக்கும் கணக்கைத்தான் உங்களிடம் காட்ட விரும்புகிறேன். பழைய கார் மலிவாகக் கிடைக்க வேண்டுமானால் அது புதிதாக இருந்தபோது மலிவாகவும் ஏராளமாகவும் விற்றிருக்க வேண்டும். 1966 மாடல் வருடத்தில் மட்டும் 6 லட்சத்துக்கு மேல் மஸ்டாங் செய்தார்கள். 2024-ல் அமெரிக்காவில் விற்ற மஸ்டாங் சுமார் 44 ஆயிரம். வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின், வைத்த ஜிடி 40 ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. 2023 முடிந்து 2024 பிறக்கிற நேரத்தில் மஸ்டாங்கின் போட்டிக் கார்களான ஷெவர்லே கமாரோவும் டாட்ஜ் சேலஞ்சரும் நின்றுபோயின. மலிவான நாலு சிலிண்டர் மஸ்டாங்கிலாவது கிளட்ச் மிதிக்கலாமா என்றால் 2024 மாடலிலிருந்து அதற்கும் வழியில்லை, ஆட்டோமேட்டிக் மட்டும்தான். கியர் போட வேண்டுமா, வி8 வாங்கு என்கிறீர்கள். ரோட் ரன்னரைச் செய்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

மிச்சிகனில் குறைந்தபட்சக் கூலி இந்த 2026 ஜனவரியில் 13 டாலர் 73 சென்ட் ஆனது. பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அதில் 85 சதவீதம் கொடுத்தால் போதும், 11 டாலர் 67 சென்ட். ஜிடி-க்கு 40 ஆயிரம் என்றே வைத்தாலும் 3,400 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. என் வகுப்பில் இதை ஒரு தடவை கணக்காகக் கொடுத்தேன். விடை வந்ததும் ஒரு பையன், "சார், தப்பாப் போட்டுட்டேன்னு நினைக்கிறேன்" என்றான். சரியாகத்தான் போட்டிருந்தான்.

பள்ளி வாகன நிறுத்தத்தை வந்து பாருங்கள். சாம்பல் நிறம், வெள்ளை நிறம், அம்மாவுக்குப் பழசாகிப் போன எஸ்யூவிகள். பானெட்டைத் திறந்து நிற்கும் ஒரு பிள்ளையை நான் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று நினைவில்லை. பழைய மசில் கார்களைப் பார்க்க வேண்டுமானால் ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவுக்குப் போக வேண்டும், ட்ரீம் குரூஸுக்கு. போன வருடம் மகளோடு போனேன். மடக்கு நாற்காலியில் எழுபது வயதுக்காரர்கள், பக்கத்தில் கண்ணாடி மாதிரி மினுங்கும் கார்கள், வைப்பரில் 'தொடாதீர்கள்' அட்டை. பாதிப் பேர் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்தவர்கள். 2014-ல் 1971 பிளிமத் ஹெமி குடா கன்வெர்ட்டிபிள் ஒன்று ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. ஏலக்காரர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் பாத்திரம் கழுவுகிறவன் ஓட்டிய சாதி அது என்பதை அந்த மடக்கு நாற்காலிக்காரர்களே மறந்துவிட்டார்கள்.

பழைய கார்களை ஒழிக்க ஒரு காலத்தில் அரசாங்கமும் தன் பங்குக்குச் செய்தது. 2009 கோடையில் பழைய காரைக் கொடுத்தால் புதுக் காருக்கு 3,500 அல்லது 4,500 டாலர் என்றார்கள். வந்த கார்களின் ஆயிலை வடித்துவிட்டு சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி, இன்ஜின் இறுகி நிற்கிற வரை ஓட்டினார்கள். ஏறக்குறைய 6 லட்சத்து 77 ஆயிரம் வண்டிகள். பெரும்பாலும் எஸ்யூவியும் பிக்கப்பும்தான், மசில் கார் குறைவு. ஆனாலும் ஓடுகிற இன்ஜினுக்கு விஷம் வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பதை நான் ஒரு தடவை கண்ணால் பார்த்தேன். இரண்டு மூன்று நிமிடத்தில் முனகிக்கொண்டு நின்றது. அப்பா பக்கத்தில் இருந்தார். வீடு வரும் வரை பேசவில்லை.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று தெரியும். இந்தக் கார்கள் ஆளைக் கொல்லும் என்பீர்கள். உண்மை. ஓட்டுநர் மரண விகிதத்தில் டாட்ஜ் சார்ஜர், சேலஞ்சர், கமாரோ, மஸ்டாங் எல்லாம் மேல்வரிசையில் இருப்பதை, காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஹெச்எஸ்ஸின் பட்டியலே காட்டியிருக்கிறது. என் மஸ்டாங்கில் ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது, பனியில் எனக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அரிசி. ஆனால் 2012 மாடலிலிருந்து எல்லாக் காருக்கும், சறுக்கும்போது காரைக் கட்டுக்குள் கொண்டுவரும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கட்டாயம். நான் கேட்கும் கார் 450 குதிரைத்திறன் கார் இல்லை. 250 போதும். 210-ஐ வைத்துக்கொண்டே நான் தபால் பெட்டியைச் சாய்த்தவன்.

மின்சாரம்தான் எதிர்காலம் என்பீர்கள். இருக்கட்டும். எனக்குப் பெட்ரோல் வாடைமேல் பக்தி இல்லை. ஆனால் நீங்கள் டாட்ஜ் சார்ஜர் காரை மின்சாரத்தில் ஓடும்படி அறிமுகப்படுத்தியபோது விலை 60 ஆயிரம் டாலரை ஒட்டி இருந்தது. அது பழசாகி எந்தப் பிள்ளையிடம் வரும், வந்தாலும் பேட்டரியை அவன் கராஜில் கழற்ற முடியுமா? முடியும்படி செய்தீர்களானால் நானே முதல் ஆளாகக் கை தட்டுவேன்.

சட்டம் விடாது, இத்தனை கருவிகள் கட்டாயம், இந்த விலைக்குச் செய்யவே முடியாது என்பது மூன்றாவது பதில். இதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் நீங்களே செய்து காட்டியிருக்கிறீர்கள். 2021-ல் ஃபோர்டு மேவரிக் பிக்கப்பை அறிவித்தபோது ஆரம்ப விலை 19,995 டாலர். ஸ்டீல் வீல், சாவி போட்டுத் திருகுகிற இக்னிஷன், மறைக்காத ஸ்க்ரூக்கள், கூடவே ஹைப்ரிட். மக்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள், அடுத்த வருடத் தொடக்கத்திலேயே ஹைப்ரிடுக்கு ஆர்டர் எடுப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. (அந்தப் பெயரில் முதல் கார் 1969 ஏப்ரல் 17-ல் வந்தபோது விலை 1,995 டாலர். மஸ்டாங் பிறந்து சரியாக ஐந்து வருடம். இந்த மாதிரிப் பொருத்தங்களைப் பார்த்தால் கணக்கு வாத்தியாருக்குக் கை சும்மா இருக்காது.) அதற்குப் பிறகு மேவரிக்கின் விலையும் படிப்படியாக ஏறிவிட்டது என்பது வேறு விஷயம். ஆனால் முடியாது என்று இனி சொல்லாதீர்கள்.

ஆகவே அடுத்த கூட்டத்தில் யாராவது ஒருவர் அந்த மேவரிக்கின் பட்டியலை எடுத்துப் போடுங்கள். 20 அங்குல அலாய் வீல் வேண்டாம். ஒரு முழ நீளத் திரை வேண்டாம். பின்புறக் கேமரா 2018 மே முதல் கட்டாயம்தான், அதற்குக் கண்ணாடிக்குள் பொருத்தும் சின்னத் திரை போதும். சீட்டு துணியாக இருக்கட்டும். கிளட்ச் இருக்கட்டும். நாலு சிலிண்டரா, ஆறா என்று சண்டை போட மாட்டேன். பிளக்கை மாற்ற பாதி இன்ஜினைக் கழற்ற வேண்டியிருக்கக் கூடாது. விலை 25 ஆயிரத்துக்குள். ஹாரனில் வேண்டுமானால் கொஞ்சம் செலவு செய்யுங்கள்.

என் மகளுக்கு அக்டோபரில் பதினாறு முடிகிறது. ஒரு 2011 மஸ்டாங் பார்த்து வைத்திருக்கிறாள். வி6, ஆறு கியர், 1 லட்சத்து 40 ஆயிரம் மைல் ஓடியது, 8,500 டாலர் கேட்கிறார்கள். பபிள் டீ கடையில் அவள் வாங்கும் கூலிக்கு 728 மணி நேரம், என்னுடையதைவிட 304 மணி அதிகம். காப்பீட்டுக்கு வருடம் கேட்கும் தொகை காரின் விலையில் பாதி, அதற்கு நான் பங்கு போடுவேன். அந்த வி6-க்கு 305 குதிரைத்திறன், என் வி8-ஐவிட 95 கூட. புதிதாக அது சுமார் 22 ஆயிரம் டாலருக்கு விற்றது, அதனால்தான் இன்று அவள் கைக்கு எட்டுகிறது. அதை அந்த விலைக்கு நிறுத்தியது உங்களுக்கு முன்னால் அதே மேசையில் உட்கார்ந்திருந்த யாரோ. அவருக்கு என் நன்றி.

அன்புடன்,
ஒரு கணக்கு வாத்தியார்

பின்குறிப்பு: எண்பதுகளின் ஐந்து லிட்டர் மஸ்டாங் யாராவது பழசாக வாங்கினால் முதலில் ஹெச்.ஓ.வா என்று பாருங்கள். ஹெச்.ஓ. என்றால் 1-3-7-2-6-5-4-8. பிளக் வயரை ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.